சுவரில் மூன்று தட்டல்கள்

"உனக்குக் கத்தத் தெரியுமா?"

சபைப் பெரியவர் ஒருமுறை அவளை இப்படிக் கேட்டார். "தெரியாதுங்க ஐயா" என்று அவள் சொன்ன பதில் அவருடைய மேசையைத் தாண்டவில்லை. அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு மறுபடி கேட்டார். அவளும் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

இருந்தும் கடல் தாண்டி ஊழியத்துக்கு அவளைத்தான் அனுப்பினார். "யார் போகிறீர்கள்?" என்று சபையில் கேட்டபோது உயர்ந்தது அவள் கை ஒன்றுதான். கை தூக்கக் குரல் தேவையில்லை அல்லவா.

இப்போது அந்தக் கையில் பிரசங்கத் தாள்கள் இருந்தன. வந்து இறங்கிய மறுநாள், திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. கட்டிலும் மேசையும் பழைய மர அலமாரி ஒன்றும் போட்டதும் திரும்பி நிற்க இடமில்லாமல் போன மூன்றாம் மாடி அறை. அதன் நடுவில் நின்று, பத்து மாதம் படித்த அந்நிய மொழியில், எட்டுப் பக்கப் பிரசங்கத்தை அவள் மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிய கதை அது. இருபது வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

"ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பிக்கு ஒரு சத்தம் கேட்டது" என்றாள்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்கும் ஒரு சத்தம் கேட்டது.

அற்புதம் என்று நினைக்க ஒரு நொடி ஆசைப்பட்டாள். அடுத்த நொடியே விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்! ரொட்டி சுடுகிறவர். விடியுமுன் அடுப்படிக்குப் போய், ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீடு திரும்பிப் படுக்கிற மனிதர். காலையில்தான் படிக்கட்டில் பார்த்திருந்தாள். அலமாரி போல உயரம், புருவமெல்லாம் மாவு. அவள் சொன்ன வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மீதி ஐந்து பக்கமும் அவள் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

தங்கிவிட்டால் நடக்காதே. மேசைமேல் பெரியவரின் கடிதம் காத்திருந்தது. அவளுக்கு முன்னால் வந்தவர் ஒரு வருடம் வெறும் பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். "வரும் ஞாயிறு உன் முதல் பிரசங்கம். கூடத்தில் மைக் கிடையாது. பத்துப் பேராவது வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தால் ஊழியம் தொடரும். இல்லாவிட்டால் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வா."

புறப்படும் நாளில் அவளுடைய சொந்த அண்ணன் சொன்னதும் காதில் ஒலித்தது. "பெட்டியை முழுசாப் பிரிக்காதே. ஒரே வாரத்துல திரும்பக் கட்டணும்." அவள் இன்னும் பாதிதான் பிரித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை குரலைப் பாதியாகக் குறைத்தாள். முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே டொக் டொக் டொக். இன்னும் குறைத்தாள். சுவரில் இப்போது முஷ்டி விழுந்தது. கடைசியில் உதடு மட்டும் அசைகிற அளவுக்கு முணுமுணுத்தாள். அந்தப் பக்கத்தில் ஏதோ மரக்கட்டையையே எடுத்துவிட்டார் போலிருந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை குதித்தது.

'மூச்சு விட்டால்கூட இந்த மனுஷனுக்குக் கேட்கிறதே' என்று வியந்துபோனாள். எலும்பு முறிய அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறவரைத் தூங்கவிடாமல் செய்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. நேரில் மன்னிப்புக் கேட்க வாய் வராது. தெருமுனைக் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய ரொட்டியாக வாங்கி, அவர் வாசலில் வைத்துவிட்டு, கதவு திறப்பதற்குள் உள்ளே வந்துவிட்டாள். கையோடு வந்துவிட்ட ரொட்டி உறையை மேசைமேல் போட்ட பிறகுதான் அதில் அச்சடித்திருந்த படத்தைப் பார்த்தாள். மாவு படிந்த புருவத்தோடு அவரேதான் சிரித்துக்கொண்டிருந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்றவள்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் காலை அவள் வாசலில் ஒரு ரொட்டி இருந்தது.

"திருப்பிக் கொடுத்துட்டார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரொட்டி சுடச்சுட இருந்தது. 'ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார், பாவம்.'

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பெட்டியைக் கட்டியிருப்பார்கள். இவள் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். பூனைக்குப் பயப்படுகிற பெண் என்று வீட்டில் பெயர் வாங்கியவள்தான். ஆனால் எடுத்த காரியத்தை விடுவது என்பது மட்டும் அவளுக்குப் பழக்கமே இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர் அங்கே இல்லை. குழாய்தான் இருந்தது. குழாய் பேசாது என்று நம்பினாள். மூன்றாம் பக்கம் வரை சுகமாகப் போயிற்று.

அப்போது அறைக் கதவு தட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் குடியிருக்கிற தையல்கார அக்கா, கழுத்தில் அளவுநாடாவோடு நின்றார். கட்டடத்தின் மாற்றுச் சாவிகளெல்லாம் அவரிடம்தான் இருக்கும்.

"குழாய்க்குள்ள யாரோ பேசறாங்களேன்னு வந்து பாத்தா, நீதானா?"

"மன்னிச்சுக்குங்க அக்கா. இனிமே பேச மாட்டேன்."

"அதில்ல தங்கச்சி. நான் என்ன கேக்க வந்தேன்னா..."

"இல்லக்கா, தப்புதான். என்னால உங்க வேலை கெட்டுப்போச்சு."

"வேலை கெட்டது உண்மைதான். உன் பேச்சைக் கேட்டுக்கிட்டே ஒரு சட்டைக்கு மூணு கை வெச்சுத் தைச்சுட்டேன். ஆனா..."

மூன்றாவது கையைப் பற்றிக் கேட்டதும் அவள் கதவை மூடிவிட்டாள். மூடிய பிறகு, மரியாதை இல்லையே என்று மறுபடி நான்கு விரற்கடை திறந்தாள்.

"அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் ரொம்பக் கோபக்காரரா?"

"அவரா? கோபப்பட்டு ஒரு வார்த்தை சொல்லி, இந்த ஆறு வருஷத்துல நான் கேட்டதில்லயே."

கதவு மறுபடி மூடிக்கொண்டது. ஆறு வருடம் கோபமே வராத மனிதர். மூன்றே நாளில் அவரைக் கட்டையால் சுவரை இடிக்க வைத்துவிட்டாள்! நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயையே திறக்காத நுணலும் இப்படித்தான் கெடுமா?

வியாழக்கிழமை மொட்டை மாடிக்குப் போனாள். கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று, காற்றைப் பார்த்துப் பேசினாள். நான்கு வரிகூடப் போகவில்லை. விரிப்புக்குக் கீழே இரண்டு பெரிய செருப்புகள் தெரிந்தன. செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியின் நான்கு கால்கள்.

விரிப்பை விலக்கிப் பார்த்தாள். ரொட்டிக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துத் தட்டினார்.

வீட்டில்தான் தூங்க முடியவில்லை என்று மனிதர் மாடிக்கு வந்தால், இங்கேயும் அவளா? "உக்காருங்க, நான் போயிடறேன், தூங்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே மூன்று மூன்று படியாக இறங்கி ஓடினாள். அவர் கையை நீட்டி ஏதோ காட்டியதை அவள் முதுகு எப்படிப் பார்க்கும்?

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அலமாரி.

உடைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். கம்பளியைத் தலைமுதல் போர்த்திக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் வெளியே இருந்த கொக்கி தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. அது அவளுக்குத் தெரியாது. கம்பளிக்குள்ளே முகம் புதைத்து, கதையைத் தொடங்கினாள். அண்ணன் வந்தான், தம்பி வந்தான், சுவர் எழும்பியது.

டொக் டொக் டொக்.

காதுக்குள்ளேயே தட்டியதுபோல் இருந்தது. அலமாரியின் முதுகு அந்தச் சுவரோடுதான் ஒட்டியிருந்தது. பதறிக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடி தள்ளினாள். அலமாரி ஆடியது, கதவு அசையவில்லை.

கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது? எந்தக் குரலில்? கம்பளிக்குள் வியர்வை வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இல்லாமல் போவதுகூடப் பரவாயில்லை, பிரசங்கியே இல்லாமல் போனால்? வேறு வழி தெரியாமல் அந்தச் சுவர்ப் பக்கமாகவே திரும்பி, விரலை மடக்கி, தட்டினாள். மூன்று முறை.

அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. படிக்கட்டில் கனத்த காலடிகள் இறங்கின, இரண்டு ஜோடியாகத் திரும்பி ஏறின. சாவி திரும்பியது. கொக்கி விலகியது.

தையல்கார அக்காவும் ரொட்டிக்காரரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவர்களைப் பார்த்தன.

"ஏன் தங்கச்சி, கட்டில் வசதியா இல்லயா?" என்றார் அக்கா.

ரொட்டிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இறங்குவதற்குக் கை கொடுத்தார். அலமாரிக் கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கொக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை அவள் வாயே திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எட்டுப் பக்கத்தையும் கண்ணால் படித்தாள். பத்தரை மணிக்குச் சுவர் தட்டியது. மெதுவாக, ஒரே ஒரு முறை. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து மறுபடி ஒன்று. 'பேசாமல் இருந்தாலும் தட்டுகிறாரே! இனி நான் இந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது என்கிறார்.' ஒருவரையும் பிரசங்கத்துக்கு அழைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாரம் முழுவதும் மன்னிப்புக் கேட்கவே நேரம் சரியாகப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் இருபது பெஞ்சுகளும் ஒரு காவலாளியும் இருந்தார்கள்.

"என்னைக் கணக்குல சேர்க்கக் கூடாதாம், அம்மா. எனக்கு வந்த கடிதத்துல போட்டிருக்கு" என்றார் காவலாளி. "முன்னாடி இருந்தவர் ஒரு வருஷம் எனக்கு மட்டும்தான் பேசினார். நான் பாதியில தூங்கிடுவேன். நல்ல மனுஷன், எழுப்பவே மாட்டார்."

பத்து மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. தையல்கார அக்கா, அவர் கணவர், முதல் மாடி வாத்தியார், தபால்காரர், இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தாயும் நான்கு பெண்களும். எல்லோருமே அவள் குடியிருக்கும் கட்டடத்துக்காரர்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக ரொட்டிக்காரர் வந்து, பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புகார் கொடுக்கக் கூட்டமாக வந்திருக்கிறார்கள். அதுவும் சரியாகப் பத்துப் பேர்.

"சகோதர சகோதரிகளே" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

டொக் டொக் டொக். பின் பெஞ்சு.

கால்கள் கதவைப் பார்த்தன. ஆனால் அந்தக் கதவு பின் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒளிய அலமாரியும் இல்லை. பாதி பிரித்த பெட்டியும் அண்ணன் சொன்னதும் நினைவுக்கு வந்தன. பிறந்தது முதல் அவளுக்கு வராத ஒன்று அப்போது வந்தது. கோபம்.

'தட்டுங்கள். பெஞ்சே உடையட்டும். இன்று நான் முடிக்கத்தான் போகிறேன்.'

வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, அவருடைய தட்டலுக்கு மேலே குரலை ஏற்றினாள். காவலாளி திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தட்டல் நின்றது. 'தோற்றுவிட்டார்' என்று அவளுக்குள் ஒரு சின்னக் குதூகலம். அதை அடக்கிக்கொண்டு அண்ணனைக் கொண்டுவந்தாள், தம்பியைக் கொண்டுவந்தாள், சுவரை எழுப்பினாள்.

"ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பிக்கு ஒரு சத்தம் கேட்டது."

கூடம் முழுவதும் முன்னால் சாய்ந்தது. தபால்காரரின் வாய் திறந்தே இருந்தது.

"சண்டைக்குத்தான் தட்டுகிறான் என்று முதலில் நினைத்த தம்பி, பிறகு சுவரில் கை வைத்துக் கேட்டான். அண்ணா, உனக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேணாம்டா, நீ இருக்கியான்னு பாத்தேன், என்றது சுவர்."

எட்டாவது பக்கம் முடிந்தபோது அவள் முதுகு நனைந்திருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளில் பத்து என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

தையல்கார அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாடா. அதைத்தான் தங்கச்சி அன்னைக்குக் கேக்க வந்தேன். குழாய் வழியாக் கதை எல்லா வீட்டுக்கும் கேட்டுச்சு. நீ அந்தச் சத்தத்தோட நிறுத்திட்டே, அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம நாலு நாளா எங்க யாருக்கும் வேலையே ஓடலை. இன்னைக்குக் கூடத்துல உன் பேச்சுன்னு காவலாளி சொல்லியிருந்தார், விடிஞ்சதும் இவர்தான் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி எங்களைக் கூட்டிட்டு வந்தார்."

அக்கா காட்டிய திசையில் திரும்பினாள். ரொட்டிக்காரர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அவள் முன்னால் நின்று, காகிதத்தில் சுற்றிய சூடான ரொட்டி ஒன்றைப் பெஞ்சில் வைத்தார். மாவுப் புருவத்துக்குக் கீழே அவர் கண்கள் சிவந்திருந்தன. திரும்பி நடந்தார். வாசற்காலைத் தாண்டும்போது அதை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

"பாருங்கக்கா" என்றாள் அவள். "இவ்வளவுக்கு அப்புறமும் ஒரு வார்த்தை பேசலை. இன்னும் என்மேல கோபம் தீரலையா அவருக்கு?"

"கோபமா? தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குரல் போய் ஆறு வருஷம் ஆச்சு தங்கச்சி. அவர் தட்டினா, 'கேக்கலை, இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு'ன்னு அர்த்தம்."