சூடாகாத டிரையரும் ஸ்க்ரூ மாமாவும்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று ஸ்க்ரூ மாமா சபதம் எடுத்திருந்தார். ஆள் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். வீட்டில் எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் திரிவதால் தெரு வைத்த பெயர் அது. பாவம், சபதம் காலை ஒன்பதரை வரைகூடத் தாங்கவில்லை.

“ஏங்க, டிரையர் சுத்துது, ஆனா சூடு வரலை. துணியெல்லாம் ஈரமாவே கிடக்கு” என்றாள் மனைவி.

“கிடக்கட்டும். இன்னிக்கு எனக்கு ரெஸ்ட்.”

“சரி, மெக்கானிக்கை வரச் சொல்லிடறேன்.”

அவ்வளவுதான். மாமா சாய்வு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“மெக்கானிக்கா? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா? இன்னிக்கு இதைச் சூடாக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!”

பிளக்கைப் பிடுங்கினார். பஞ்சு சேரும் வலையை உருவிப் பார்த்தார். அது பளிச்சென்று இருந்தது.

“பின்னாடி குழாய் அடைச்சிருக்குமோ?” என்றாள் மனைவி.

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்!”

குழாயை எட்ட மெஷினை நகர்த்த வேண்டும். மெஷினை நகர்த்த, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று ஒரு வருஷமாக அந்த மாடி அறையில் அவர் குவித்து வைத்திருந்த பழைய பேப்பர், கால் உடைந்த நாற்காலி, காலி டப்பா அத்தனையும் வெளியேற வேண்டும். மாடிக்கும் வாசலுக்கும் பதினாறு நடை. முதுகெலும்பு ‘ஐயோ’ என்று அலறியது. கடைசியில் குழாயிலும் அடைப்பு இல்லை.

“ஜன்னல் இவ்வளவு அழுக்கா இருந்தா உள்ளே காத்து எப்படிங்க வரும்?”

“கரெக்ட்! எல்லாம் பருவக்காற்று மாதிரிதான்டி!”

ஜன்னல் துலங்கியது. டிரையர் துலங்கவில்லை.

“சூடான காத்து மேலேதானே போகும்? அங்கே...”

“ஒட்டடை!” என்று கூவினார் மாமா. “கொண்டா அந்தக் கம்பை!”

சாயங்காலம் நாலு மணிக்கு, முகமெல்லாம் ஒட்டடையோடு பிளக்கை மாட்டினார். மனைவி போய் மெஷினைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாமா துணியைத் தொட்டுப் பார்த்தார். சூடு! அப்பப்பா, என்ன சூடு!

“மெக்கானிக்காம் மெக்கானிக்! கண்டுபிடிச்சேனா இல்லையா?”

“உங்க மூளைக்கு முன்னாடி யாருங்க நிக்க முடியும்?” என்று சொல்லிவிட்டு அவள் துடைத்த துணியை உதறப் பால்கனிக்குப் போனாள்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பெருமை அளக்க அவரும் பின்னாலேயே போனார். கதவருகே போனதும் அந்த வீட்டு அக்காவின் குரல் காதில் விழுந்தது.

“என்னடி, ரூம் பூரா சுத்தமா? டிரையர் குமிழைக் குளிர்காத்துலேயே விட்டுடாதே!”

“அவர் பிளக்கை மாட்டினதுமே சூட்டுக்குத் திருப்பிட்டேன் அக்கா. அடுத்த ஞாயிறு மிக்ஸியைக் கெடுக்கலாம்னு இருக்கேன். சமையலறைப் பரண் பாக்கி இருக்கு.”