உள்ளே ஒரு கஸ்டமர்

"ஏங்க... ஏங்க! உள்ள நான் இருக்கேன்!"

மூடிய ஷட்டருக்குள்ளிருந்து குரல் வந்ததும் தேவகிக்குக் குப்பென்று வேர்த்தது.

வெள்ளிக்கிழமை. மொதலாளி நிசார் அஹமது ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். வழக்கம்போல அவள் துணிக்கடையை மூடினாள். மூடுமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. யார் இருக்கப்போகிறார்கள்? ஆம்பூர் பஜாரில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது. பைபாஸில் ஏசி போட்ட பெரிய கடை வந்துவிட்டது. அங்கே போகாதவர்களுக்குத் துணி செல்போனில் வந்துவிடுகிறது.

"எப்பம்மா உள்ள வந்த?"

"நீங்க டீ குடிக்கப் போனப்போ. பின்னாடி ட்ரையல் ரூம்கிட்ட இருந்தேன்."

தேவகி ஷட்டரைத் தூக்கினாள். இரண்டு விரல் எழுந்தது. மேலே ஏதோ படாரென்று தெறித்தது. அதோடு சரி.

காலையில்தான் மொதலாளி சொல்லியிருந்தார்: "சாயந்திரம் பார்சல் கம்பெனி ஆளு வர்றாங்க தேவகிமா. கடைய குடோனுக்குக் கேக்கறாங்க. யாவாரமே இல்லியே, நான் இன்னா பண்றது?" பதினேழு வருஷ வேலை அந்தப் பேச்சோடு முடிந்தது. வேறு கடையில் போய் நிற்கலாமென்றால் தெருவில் கடை வேண்டுமே! இதில், வந்த ஒரே கஸ்டமரையும் வைத்துப் பூட்டியாயிற்று.

தொழுகை முடிந்து கூட்டத்தோடு வந்தார் நிசார்.

"கஸ்டமரா?" கண்ணை விரித்தார். "நெஜமான கஸ்டமரா?"

"ஆமா பாய், உள்ள இருக்காங்க."

கூட வந்த நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். இடது பக்கம் நாலு விரல் ஏறியது, வலது பக்கம் கோணிக்கொண்டு இறுகியது. எண்ணெய் விட்டார்கள். கை வழுக்கி நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். வெல்டர் ஒருவன் கேஸ் கட்டரோடு வந்தான். தேவகி குறுக்கே பாய்ந்தாள்.

"யோவ், உள்ள பூரா துணி! கஸ்டமர தந்தூரி போடறியா?"

"பசிக்குதுங்க," என்றது உள்ளே இருந்த குரல்.

பிரியாணிப் பொட்டலத்தைத் தட்டையாக அமுக்கி, கீழே இருந்த சந்தில் தள்ளினார்கள். "தோசையாட்டம் வந்துச்சு, ஆனா ருசி நல்லா இருக்கு," என்று பதில் வந்தது. வெளியே கைதட்டினார்கள்.

வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க்க இன்னும் சேர்ந்தது. சுண்டல் வண்டி வந்தது. வேலை விட்டு வந்த ஷூ கம்பெனி பஸ் வழியில்லாமல் நின்றது. பெண்கள் இறங்கினார்கள். அதிலொருத்தி குனிந்து சந்துக்குள் எட்டிப்பார்த்தாள்.

"அக்கா, அந்த ஊதா நைட்டி இன்னா வெல?"

"இருங்க, சீட்டப் பாக்கறேன்," என்றாள் உள்ளே இருந்தவள்.

நைட்டி சந்து வழியே வெளியே வந்தது. தூணில் ஒட்டியிருந்த அட்டையை ஸ்கேன் பண்ணிக் காசு போட்டாள் அந்தப் பெண். பணம் வந்ததை உள்ளே இருந்த பொட்டி உரக்கக் கத்தியது.

"எனக்கொண்ணு!"

"எம் பொண்ணுக்கு ஒண்ணு, சின்ன சைஸு!"

"ஜன்னல் தெரைக்கு எத்தினி அடி இருக்கும் அந்தத் துணி?"

"எங்கிட்ட டேப் இருக்கு, அளந்து சொல்றேன்!"

தையற்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் தேவகி. நினைக்கவும் நேரமில்லை. "மூணாவது தட்டு! கையக் கொஞ்சம் எடது பக்கம் விடு தாயி!" என்று சந்தில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மசூதி முனை வரைக்கும் தலைகள். எதிரே செருப்புக்கடை ஆபித் பாஷா சாவியோடு ஓடிவந்து, ரம்ஜானுக்கு அப்புறம் தொடாத கதவைத் திறந்து, தூசியில் இருமியபடியே செருப்பை எடுத்து அடுக்கினார். அவர் கடையிலும் ஆள் ஏறியது. இத்தனை ஜனமும் இந்த ஊரில்தான் இருந்ததா? இவ்வளவு நாள் எங்கே இருந்தது?

"பார்சல் கம்பெனி ஆளு வந்தா இன்னொரு நாள் வரச்சொல்லு," என்றார் நிசார். சட்டை முழுக்க எண்ணெய். முகத்தில் பெருநாள் களை. "இன்னிக்கு யாவாரம் இருக்கு."

"நாளைக்கும் இருக்குமா பாய்?"

அவர் சந்தில் நீண்ட அடுத்த நைட்டியை உருவி எடுத்தார்.

இருட்டும் நேரத்தில் ஷட்டர் ரிப்பேர் பார்க்கும் முனிரத்தினம் வாணியம்பாடியிலிருந்து வந்தார். ஸ்டூலில் ஏறினார், எதையோ தட்டினார், எதையோ முறுக்கினார். ஷட்டர் கடகடவென்று மேலே போனது. தெருவே விசிலடித்தது.

தலையெல்லாம் தூசியாக ஒரு பெண் வெளியே வந்தாள். நிசார் இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.

"நீதாம்மா எங்க கடைக்கு ராசி! இன்னா வாங்க வந்தியோ எடுத்துக்க. காசே வேணாம்."

அவள் கையிலிருந்த இரும்பு டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"வாங்க வரல சார், பார்சல் கம்பெனியிலேர்ந்து குடோனுக்கு அளவெடுக்கக் கொஞ்சம் முன்னாடியே வந்தேன், ஆள் நடமாட்டமே இல்லாத தெருன்னு சொல்லி அனுப்பினாங்க, இந்தக் கூட்டத்துல நம்ம லாரி நுழையாது, வேற எடம் பாருங்கன்னு அப்பவே போன் போட்டுச் சொல்லிட்டேன்."