கணக்கு டீச்சர் ஊதிய விசில்

விசிலை வாயில் வைத்து, கண்ணை இறுக மூடி, பலம் கொண்ட மட்டும் ஊதினார் கணக்கு டீச்சர். காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

"டீச்சர், தலைகீழா வச்சிருக்கீங்க!"

ஆறாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. மரத்தடியில், துணிக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்த பி.டி. மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"கால் மட்டும் நல்லா இருந்தா நானே ஓடி வந்திருப்பேன் டீச்சர்."

இந்த விளையாட்டுப் பீரியட்டை டீச்சர் வாராவாரம் கடன் வாங்கிக்கொண்டிருந்தவர். கழித்தல் கணக்கில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்குவோமே, அது மாதிரி. திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது. மாஸ்டருக்குக் கால் பிசகிவிட்டது என்றதும் தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் பீரியட் உங்களுக்குத்தான் நல்லாப் பழக்கம். நீங்களே எடுங்க. ஆனா கணக்குப் புத்தகம் மைதானத்துப் பக்கம் வரக் கூடாது. பள்ளிகளுக்கு நடுவுல நடக்கிற ரிலே ஓட்டத்துக்கும் பசங்களைத் தயார் பண்ணுங்க. போன தடவை கடைசியில வந்தோம். இந்தத் தடவையும் அப்படின்னா கெட்ட பேரு உங்களுக்குத்தான்."

வகுப்பின் சிரிப்பை அடக்க டீச்சர் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். ஒரே பந்து, வகுப்பே அதன் மேல் விழுந்தது. சண்டையை விலக்க, இரட்டைப்படை வரிசை எண் ஒரு பக்கம், ஒற்றைப்படை மறுபக்கம் என்று பிரித்தார். நெட்டைப் பிள்ளைகள் எல்லாம் இரட்டைப்படையில் போய்ச் சேர்ந்தார்கள்.

"அநியாயம் டீச்சர்!"

"நியாயமாத்தான் வகுத்திருக்கேன்!"

சரி, நாமே நடுவில் நிற்போம் என்று உள்ளே இறங்கினார். பந்து மூக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது. கண்ணாடியைத் தேடக் குனிந்தவர் புழுதியில் உட்கார்ந்தேவிட்டார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"எல்லாரும் நில்லுங்க! டீச்சரைத் தூக்குங்க முதல்ல. ஏய் நெட்டை, நீ இந்தப் பக்கம் வா. ஓடத் தெரியாதவங்க ரெண்டு அணியிலயும் சமமா இருக்கணும். தோத்தவங்க அழக் கூடாது, ஜெயிச்சவங்க கேலி பண்ணக் கூடாது."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்த டீச்சருக்கு நம்ப முடியவில்லை. வகுப்பில் எந்தக் கேள்விக்கும் வாயே திறக்காததால் அவரே 'வாய்ப்பூட்டு' என்று பெயர் வைத்த பெண்! சமம் என்றால் என்னவென்று கரும்பலகை முன்னால் தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்தும் ஏறாத பிள்ளை, மைதானத்தில் ஒரே மூச்சில் செய்து காட்டிவிட்டாள்.

ரிலேவுக்கு யார் எந்த இடத்தில் ஓடுவது என்று டீச்சர் சராசரி போட்டுக்கொண்டு வந்தார். வாய்ப்பூட்டு தலையை ஆட்டினாள்.

"வேகம் மட்டும் போதாது டீச்சர். குச்சிய வாங்கறவ திரும்பிப் பார்க்காம கையை நீட்டணும். குடுக்கறவ மேல நம்பிக்கை வேணும்ல?"

டீச்சர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

நாள் போகப்போக விநோதங்கள் நடந்தன. சாப்பாட்டுக்குப் பிந்திய கணக்கு வகுப்பில் கொட்டாவி விட்ட கடைசி பெஞ்ச் விழித்திருந்தது. பாக்கெட் வறுவல் வந்த பைகளில் பழம் வந்தது. "வறுவல் தின்னுட்டு ஓடினா வயித்தைப் பிடிக்குது டீச்சர்." வாய்ப்பூட்டு பலகையருகே வந்து கணக்குப் போட்டாள், தப்பாகப் போட்டாலும் அழிக்காமல் மறுபடி முயன்றாள். மாடிப்படியில் நின்று நின்று ஏறும் டீச்சரே ஒருநாள் நிற்க மறந்து மேலே போய்ச் சேர்ந்தார்.

போட்டி நாள். முதல் சுற்றில் முந்தினார்கள். முதல் கைமாற்றத்தில் குச்சியை வாங்கிய நெட்டை அதைக் கீழே விட்டான். டீச்சருக்கு உயிரே போயிற்று. ஆனால் ஒரு பிள்ளைகூட அவனைத் திட்டவில்லை.

"பரவால்ல, எடுடா! ஓடு!"

எடுத்தான், ஓடினான். மூன்றாவது பிள்ளை இருவரைத் தாண்டினாள். கடைசியில் நின்ற வாய்ப்பூட்டு திரும்பியே பார்க்கவில்லை. நீட்டிய கையில் குச்சி வந்து உட்கார்ந்தது. டீச்சர் செருப்பை உதறிவிட்டுக் கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடினார். "ஓடு! ஓடும்மா! விட்டுடாதே!" என்ற கத்தலுக்கு நடுவே கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். மைதானமே அதிர்ந்தது.

கடைசிக் கோட்டை வாய்ப்பூட்டு முதலில் தாண்டினாள்.

பிள்ளைகள் டீச்சரைச் சுற்றிக்கொண்டு குதித்தார்கள். டீச்சரும் குதித்தார். வெற்றிக் கோப்பையை முதலில் மாஸ்டரிடம் காட்ட வேண்டும், இனிமேல் அவருடைய பீரியட்டை ஒரு நிமிடம்கூடத் தொட மாட்டேன் என்று வாயாரச் சொல்ல வேண்டும் என்று நேராக அவர் வீட்டுக்கே போனார். பாவம், நொந்த காலோடு கிடக்கிறாரே என்று கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டார்.

மாஸ்டரின் மனைவி இதுவரை பள்ளிக்கூடத்துக்கு வந்ததில்லை. கதவைத் திறந்தவர், கோப்பையோடு நின்ற டீச்சரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"வாங்க ஹெச்.எம். அம்மா! அவரு ஓடப் போயிருக்காரு. நீங்க சொன்னீங்கன்னு இன்னும் எத்தனை நாளைக்குத்தான் நல்ல கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு? அந்தக் கணக்கு டீச்சர் இன்னும் திருந்தலையா?"