பதினொரு பக்கப் பாராட்டு

“பெர்மிட் எங்க, தங்கச்சி?” என்று கேட்டார் பூங்காக் காவலர் பக்கிரிசாமி.

வேனிலிருந்து ஒலிபெருக்கியை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்த உமாராணி நிமிர்ந்து பார்த்தாள். “இது பொதுப் பூங்காதானே, அண்ணே? இங்க வர்றதுக்கு எதுக்குப் பெர்மிட்?”

“வரலாம், நடக்கலாம், உட்காரலாம். மைக், மேடை, வரிசையா நாற்காலின்னு வந்தா அது நிகழ்ச்சிலா. நிகழ்ச்சிக்கு நகராண்மை மன்றத்துல அனுமதிக் கடிதம், சூராட் வாங்கணும்.”

மணி எட்டரை. பத்து மணிக்கு அறுபது பேர் வரப்போகிறார்கள். அலோர் ஸ்டாரில் தலைமையகம் வைத்திருக்கும் எண்ணெய்ப்பனை நிறுவனம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத் தொடர்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெறும் இருளப்பனுக்கு இன்று பாராட்டு விழா. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையெழுத்தோடு திரும்பி வருகிறவர் என்று அவருக்குப் பெயர். இத்தனை வருடத்தில் ஒரு பெர்மிட்டைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

திங்கட்கிழமை முதல் அவருடைய நாற்காலி உமாராணிக்கு. அதில் உட்காருவதற்கு முன்பே முதல் பெர்மிட்டைக் கோட்டை விட்டிருந்தாள். முதலாளி கென்னத்துக்கு விஷயம் தெரிந்தால் நாற்காலி போன மாதிரிதான்.

ஆனாலும் அசருவது உமாராணியின் வழக்கமில்லை.

“நிகழ்ச்சி இல்லண்ணே. ஃபேமிலி பிக்னிக்.”

“அறுபது பேரு சாப்பாடு இறங்குது. இது ஃபேமிலியா?”

“பெரிய ஃபேமிலி.”

பக்கிரிசாமி தாடையைச் சொறிந்தார். “பிக்னிக்னா பாய் விரிச்சு உட்காருங்க. மைக்கு வேனை விட்டு இறங்கக் கூடாது.”

அலுவலக நண்பன் வசந்தன் பக்கத்திலிருந்த மெர்கோங் கடைகளுக்குக் காரில் பறந்து, இருபது பாய்களோடு திரும்பினான். வந்த விருந்தினர்கள் பட்டுச்சேலையையும் கோட்டையும் சுருக்கிக்கொண்டு, மடங்காத முழங்கால்களை மடக்கப் பாடுபட்டார்கள். ‘நன்றி இருளப்பன்’ பேனரைச் சுருட்டி வேனுக்குள் தள்ளியாயிற்று. மூன்றடுக்குக் கேக்கை மட்டும் எங்கேயும் ஒளிக்க முடியவில்லை.

“பிக்னிக்குக்கு இவ்வளவு பெரிய கேக்கா?” பக்கிரிசாமி மறுபடி வந்து நின்றார்.

“பிறந்தநாள் கேக், அண்ணே,” என்றாள் உமாராணி, கண் இமைக்காமல்.

“ஓ! அப்படிச் சொல்லுங்க!” அவர் ஊஞ்சல் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். “பிள்ளைங்களா! இங்க பிறந்தநாளாம், ஓடி வாங்க!”

பத்து மணிக்கு இருளப்பன் பூங்காவுக்குள் நுழைந்தபோது, முன்பின் தெரியாத முப்பது பிள்ளைகள் கேக் அப்பிய வாயோடு அவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள்.

“எனக்குப் பிறந்தநாள் நவம்பர்லயாச்சே, உமா?”

“முன்கூட்டியே கொண்டாடுறோம், சார்.”

“சந்தோஷம்,” என்றபடி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டார் அவர்.

அடுத்துக் கென்னத் வந்தார், கையில் பதினொரு பக்கப் பாராட்டுரையோடு. “மைக் எங்க, உமா?”

“இயற்கையா இருக்கட்டும்னு வைக்கல, போஸ்.”

கென்னத் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். “பெரியோர்களே...”

பீப்! பக்கிரிசாமியின் விசில் காதைப் பிளந்தது. கென்னத் திகைத்தார். “யாருய்யா இந்த ஆளு?”

அவர் காதருகே குனிந்தாள் உமாராணி. “நின்னுகிட்டுப் பேசக் கூடாதாம், போஸ். நடந்துகிட்டே பேசலாம். உடம்புக்கும் நல்லது. பெரிய கம்பெனிகள்ல இப்ப இதான் நடக்குது.”

பெரிய கம்பெனி என்றதும் கென்னத் கிளம்பிவிட்டார். குளத்தைச் சுற்றிய நடைபாதையில் அவர் படித்துக்கொண்டே நடக்க, ஒன்பது பிரிவுத் தலைவர்கள் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தார்கள். முதல் சுற்றில் இரண்டு பக்கம் முடிந்தது. இரண்டாம் சுற்றில் இருவரே மிஞ்சினார்கள். மூன்றாம் சுற்றில் காற்றடித்து ஐந்தாம் பக்கத்திலிருந்து எல்லாம் குளத்தில் விழ, கென்னத் ஒரு பெஞ்சில் சாய்ந்து தண்ணீர் கேட்டார்.

அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பிய உமாராணி அப்படியே நின்றாள்.

நிறுவனத்தின் செர்டாங் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த தொழிலாளர்கள் இருளப்பனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் போட்ட நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்குக் கைதட்டுவதைத் தவிர வேலையே இல்லை. இப்போது மருதம்மாள் என்ற பெண் அவர் எதிரே நகர்ந்து வந்தாள்.

“ஐயா, என் மவளுக்குப் பதினேழு வயசு வரைக்கும் ஐ.சி. அடையாள அட்டை இல்ல. பரீட்சை எழுத முடியாம வீட்டோட கிடந்தா. நீங்கதான் ஒன்பது தடவ எங்களக் கூட்டிக்கிட்டு அலைஞ்சீங்க. இப்ப அவ நர்சு வேலை பார்க்கிறா. இத மைக்குல சொல்லச் சொல்லியிருந்தா எனக்கு வாயே வந்திருக்காது.”

கையெழுத்துக்காக எத்தனையோ அதிகாரிகளிடம் விடாமல் பேசிய மனிதர் அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் நகர்ந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். உமாராணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தது.

“நல்ல ஐடியா, உமா. கால்தான் வலிக்குது,” என்றார் கென்னத். “திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடுங்க.”

நாற்காலி தப்பியது. ஆனால் இருளப்பனிடம் மட்டும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காரில் ஏறப் போனவரை ஓடிப்போய் நிறுத்தினாள்.

“சார், பெர்மிட் எடுக்காம விட்டுட்டேன். அதுக்காகத்தான் இவ்வளவு கூத்தும்.”

“அப்படியா?” என்று சிரித்தார் அவர். “இருந்தாலும் ரொம்ப நல்லாச் சமாளிச்சே.” கார் கிளம்பிப் போனது.

மீதியிருந்த பிரியாணியில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு காவலர் கூண்டுக்குப் போனாள் உமாராணி. “ரொம்ப நன்றிண்ணே. பெர்மிட் இல்லாமயே எங்கள விட்டீங்களே.”

பக்கிரிசாமி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இல்லன்னு யாரு சொன்னா? இருளப்பன் சாரு போன மாசமே எடுத்துக் கொடுத்துட்டாரு. ‘யாராச்சும் என்னைப் பத்திப் பேசக் கிளம்பினா மட்டும் பெர்மிட் எங்கன்னு கேளு’ன்னாரு.”