நூற்று இருபத்தெட்டு மோசம்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. புதுச்சேரிக்காரனுக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்? கடைசியில் நானே அதை நம்பியதுதான் வினை.

அப்போது நெல்லித்தோப்பில் வாடகைக்கு இருந்தோம். வேலை பார்த்த மில்லை மூடியபின் அப்பா ஒரு கடையில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா வசந்தி மட்டும் விடாப்பிடியாகப் பிரெஞ்சு படித்து, பெங்களூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. அன்று பதினொரு மணிக்கு மின்னஞ்சலில் ஒரு பக்கம் வரும். பன்னிரண்டுக்குள் மொழிபெயர்த்துக் கோப்பாக அனுப்ப வேண்டும்.

எங்களிடம் இருந்தது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் வீட்டுக்காரர், பாரிசிலிருந்து கொண்டுவந்து பயன்படுத்திவிட்டு அக்காவுக்குக் கொடுத்தது. திரையில் வருவதெல்லாம் பிரெஞ்சு.

"குமாரு, இதுல எழுதுற சாஃப்ட்வேர் இல்லடா. லேசானதா ஒண்ணு பாத்துப் போட்டு வை. கனமானத இது தாங்காது. நான் கிளாஸுக்குப் போய்ட்டு பதினொண்ணுக்குள்ள வந்துர்றேன்" என்றாள் அக்கா.

"அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ போ."

(எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை.)

நெட்டில் தேடியதும் ஒரு பக்கம் திறந்தது. வரிசையாகச் சாஃப்ட்வேர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எண்ணும் இரண்டு இங்கிலீஷ் எழுத்தும். முதலாவதுக்கு '128 மோ', அடுத்ததற்கு '256 மோ', கடைசிக்கு '4 கோ'. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்தப் பக்கம் எங்கள் கம்ப்யூட்டரைச் சோதித்து மார்க் போடுகிறது! 'கோ' என்றால் இங்கிலீஷில் போ, தாராளமாகப் போ. அப்படியானால் 'மோ'? வேறென்ன, மோசம். (பிரெஞ்சுப் பக்கத்தில் தமிழ் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எது எதோடும் கலக்கும்.) முதலாவது நூற்று இருபத்தெட்டு மோசம். அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நாலு முறை 'போ' என்று சொன்னதை இறக்கினேன்.

அது இறங்கிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் இரண்டு சதவீதம் கூடியிருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த காற்றாடி கிரைண்டர் போல இரைந்தது. ஒருவழியாகப் பத்தே முக்காலுக்கு முடிந்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

பதினொன்றுக்குப் பக்கம் வந்தது. அக்கா சாஃப்ட்வேரைத் திறந்தாள். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் சுற்றியது. பத்து நிமிடம் சுற்றியது. மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டது.

"இன்னாடா இது, அசையவே மாட்டேங்குது?"

"வரும், வரும். பெரிய சாஃப்ட்வேர் இல்ல?"

"பெரிசா? நான் இன்னா சொன்னேன்?"

அம்மா ஓடிவந்து மானிட்டரின் நெற்றியில் விபூதி பூசினாள். வட்டம் அசராமல் சுற்றியது.

"எதப் பாத்துடா இத எடுத்த?" என்றாள் அக்கா. 'கோ'வையும் 'மோ'வையும் பெருமையோடு விளக்கினேன். அவள் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை.

"டேய், அது மார்க்கு இல்லடா. எவ்ளோ மெமரி வேணும்னு போட்டிருக்கான். நம்மூர்ல எம்.பி.ன்னு சொல்றோமே, அதான் பிரெஞ்சுல மோ. ஜி.பி.தான் கோ. இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறதே ரெண்டு கோதான்!"

அதாவது, பட்டியலிலேயே லேசானதை மோசம் என்று ஒதுக்கிவிட்டு, பட்டியலிலேயே கனமானதைத் தேடிப் பிடித்திருக்கிறேன்.

மணி பதினொன்றரை. அக்கா ஒயரைப் பிடுங்கி மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் நான் போட்ட சாஃப்ட்வேர் தானாகவே திறந்துகொண்டு மறுபடி சுற்றியது. அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. விரிசல் விட்ட போனில் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் கையால் எழுதி, படம் எடுத்து, பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதாம், ஆனால் கோப்பாக வராததால் ஏற்க முடியாதாம். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது.

அடுத்த மாதம் வேறொரு நிறுவனம் தேர்வு வைத்தது. இம்முறை அந்த 128 மோவை அக்காவே இறக்கினாள். ஐந்து நிமிட வேலை. பதற்றமான வேளையில் என்ன செய்வீர்கள் என்று பேட்டியில் கேட்டபோது என் கதையைத்தான் சொன்னாளாம். கேட்டவர்கள் சிரித்து முடிக்கவே நேரமானதாம். வேலை கிடைத்துவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

சில வருடங்கள் கழித்து எனக்குப் பெண் பார்க்கக் குருசுக்குப்பம் போனோம். பெண் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை. "புடிச்சிருக்காடா?" என்று அம்மா காதோடு கேட்க, நான் 'சரி' என்பதற்குப் பதில் வாய் தவறி "கோ" என்று சொல்லிவிட்டேன்.

"எத்தினி கோடா? மொதல்ல உன் மெமரி தாங்குமான்னு பாரு!" என்றாள் அக்கா, கூடமே கேட்கும்படி. கதை முழுவதும் அங்கேயே அரங்கேறியது. பெண் சிரித்த சிரிப்பில் சம்பந்தம் முடிவானது.

இப்போது வீட்டில் நான் எதற்காவது "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் போதும். மனைவி அடுப்படியிலிருந்தே மார்க் போட்டுவிடுகிறாள்: "நூத்தி இருவத்தெட்டு மோசம்!"