பர்த்தா பர்தி ஆனார்

நோயாளி ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நோய் ஒன்றும் கிடையாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஹெட் கிளார்க்காக இருப்பவன் முதலில் முடிவெடுப்பான், காரணத்தைப் பிறகு ஃபைலில் சேர்ப்பான்.

என் பெயர் திருநாவுக்கரசு. நாவுக்கு அரசன். ஆனால் இந்தத் தீவில், ஷாதிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸில் அந்தப் பதவி காலியில்லை. என் மனைவி மங்கையர்க்கரசி பதினாலு வருஷமாக அதில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே கூரைக்குள் ஓர் அரசும் ஓர் அரசியும் இருந்தால் போர் வரத்தானே செய்யும்? வந்தது.

வருஷம் அறுபத்தாறு, ஜூன் மாதம். லம்பா லைன் பகுதியில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. தகரக் கூரை, பன்னிரண்டு கட்டில். அங்கே சமையல்காரர் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சமையலுக்குப் பொறுப்பாளர் வேண்டும், பெண்களும் மனுப் போடலாம், கடைசித் தேதி இருபது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கல்யாணமான பெண்ணாக இருந்தால் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. என் ராஜ்யம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

"ஒரு கையெழுத்துத்தானே கேக்கறேன். உங்க சொத்தையா எழுதிக் கேட்டேன்?"

"முடியாது மங்கை."

"ஏன் முடியாது?"

"ஆபீஸ்ல சிரிப்பாங்க. ஹெட் கிளார்க் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கரண்டி பிடிக்கறாம்பாங்க."

"இங்க மட்டும் என்ன, வீணையா பிடிச்சிட்டிருக்கேன்?"

நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பேப்பர் போன கப்பலில் வந்தது. மூன்று வாரப் பழசு.

"கப்பல் வருதா, லெட்டர் வருதா, அரிசி வருதான்னு பதினாலு வருஷமா கடலையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். எனக்கும் காலைல தலை வாரி, செருப்பு மாட்டிக் கிளம்பிப் போக ஒரு இடம் வேணுங்க."

பதில் இல்லாதபோது நான் கத்துவது வழக்கம். கத்தினேன். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் சிரிப்புக்கு நான் பயப்படவில்லை. இவள் காலையில் கிளம்பிப் போய்விட்டால் எனக்குக் காப்பி யார் போடுவார்கள்? அந்தப் பயம்தான்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. அவள் பேனா பேசியது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் பேனா. சவரம் செய்யப் போனால் கண்ணாடிக்கு முன்னால் பேனா. தலையணைக்கடியிலும் ஒன்று, மூடி கழற்றி. ஐந்து நாளில் எனக்கு மையைக் கண்டாலே மயக்கம் வர ஆரம்பித்தது.

ஆகவே பன்னிரண்டாம் தேதி முதுகைப் பிடித்துக்கொண்டு, அதே ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். பெரிய ஆஸ்பத்திரி என்றால் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். இல்லாத வலிக்குச் சின்ன இடம்தான் பாதுகாப்பு. இருபதாம் தேதி தாண்டும் வரை படுத்துக்கொள்வது, பிறகு குணமாவது. திட்டம் அவ்வளவுதான்.

வங்காளி டாக்டர் முதுகில் விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டார். "தர்த் ஹை?"

"பஹுத் தர்த் ஹை!" என்று அலறினேன்.

"பதினைந்து நாள் ஆராம்" என்றார். அதாவது ஓய்வு. ஏழாம் நம்பர் கட்டில் கிடைத்தது. இந்தத் தீவில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் 'பர்தி ஆனார்' என்பார்கள். பர்த்தா பர்தி ஆனார்!

எட்டாம் நம்பரில் மீரான் பாய். பஜாரில் ஜவுளிக்கடை. ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டு.

டாக்டர் சட்டதிட்டம் பார்க்கிற மனிதர். வார்டு சுவரில் ஹிந்தியிலும் தமிழிலும் போர்டு எழுதி மாட்டியிருந்தார். எழுதிய பெயிண்டருக்குத் தமிழ் தெரியாது. பார்த்து வரைந்திருக்கிறான். உ-வுக்கு எ போட்டு, ரி-க்கு ரு போட்டு, 'நோயாளிகளின் எருமைகளும் கடமைகளும்' என்று பெரிய எழுத்தில் நின்றது.

நான் எருமைகளை மட்டும் படித்தேன். நோயாளிக்கு ஓய்வெடுக்கும் உரிமை உண்டு. என்ன வியாதி என்று கேட்கும் உரிமை உண்டு (அதை நான் பயன்படுத்தவில்லை). கையெழுத்து இல்லாமல் அவருக்கு எதுவும் செய்யக் கூடாது. மருந்தோ உணவோ வேண்டாம் என்றால் மறுக்கலாம், ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கடமைகள் அந்தப் பக்கம் இருந்தன. திரும்பிப் படிக்க முதுகு ஒத்துழைக்கவில்லை.

மாலையில் மங்கை வந்தாள். போர்டைப் படித்தாள், இரண்டு பக்கமும். என்னைப் பார்த்தாள்.

"இங்க எனக்கு உரிமை இருக்கு, மங்கை. யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. வேணும்னா போர்டைப் பாரு."

"பாத்தேன். சரியாத்தான் எழுதிருக்கான்" என்றாள். "எருமை படுத்திருக்கு."

மீரான் பாய் சிரித்ததில் அவர் மாவுக்கட்டே ஆடியது.

அடுத்த நாட்கள் சொர்க்கம். சமையல் இல்லாததால் ரொட்டியும் பாலும்தான். ஆனால் பக்கத்தில் பேனா இல்லை. தேதியை எண்ணிக்கொண்டே தூங்கினேன். பதினைந்து, பதினாறு, பதினேழு.

பத்தொன்பதாம் தேதி மங்கை வேகமாக உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள்.

"ஏங்க, இது பர்தி பாரம். வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாம். நாளைக்குள்ள குடுக்கலேன்னா எல்லாம் போச்சுன்னு இங்க ஆஸ்பத்திரி ஆபீஸ்ல சொல்றாங்க."

எல்லாம் போச்சா? பர்தி பாரம் இல்லையென்று என்னை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? மனுவுக்குக் கடைசி நாள், அதுவும் அவள் பேனாவுக்குப் பக்கத்தில்!

"ஏண்ணே, பர்தி ஆயி ஒரு வாரம் கழிச்சா பாரம் தருவாக?" என்றார் மீரான் பாய்.

"பாய், நான் இருபது வருஷம் சர்க்கார்ல குப்பை கொட்டினவன். முதல்ல ஆள் வருவான், பேப்பர் பின்னால வரும்."

தாளை வாங்கினேன். ஹிந்தி அச்சு. மங்கை சொன்னாள், "பின்பக்கம் இங்கிலீஷ்ல இருக்குங்க. திருப்பிப் படிச்சுட்டே போடுங்க."

அந்தச் சொல்தான் சுருக்கென்று குத்தியது. ஆபீஸ் ஹிந்திப் பரீட்சையில் தேறியவன் நான். முன்னால் உட்கார்ந்திருந்தவர் முதுகு கொஞ்சம் அகலம் குறைவு, அதனால் தேறினேன், அது வேறு விஷயம். மீரான் பாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது இங்கிலீஷுக்குத் திரும்புவதா?

"எனக்கா ஹிந்தி சொல்லித் தர்றே?" என்று எழுத்துக் கூட்டினேன். "ப... ர்... தி. பர்தி! ஆச்சா? இங்க என்ன போட்டிருக்கு? பதி. பதின்னா கணவன். இந்த வார்டுல உனக்குக் கணவன் யாரு?"

"நீங்கதாங்க."

"அப்புறம் என்ன?"

மேலே அவள் பெயர் எழுதியிருந்தது. உறவினர் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கடமையெல்லாம் உறவினருக்குத்தானே. பதிக்கு நேரே, அடியில் இரண்டு கோடு இழுத்து, கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டேன். மங்கை தாளை ஊதி ஊதி உலர்த்தினாள். அவள் முகத்தில் பதினாலு வருஷமாக நான் பார்க்காத ஒரு சந்தோஷம். என் உடம்பின் மேல் இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கிவிட்டது.

இருபது வந்தது, போனது. ஜெயித்துவிட்டேன். உடனே குணமானால் சந்தேகம் வரும் என்று இன்னும் சில நாள் படுத்திருந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் வார்டு முழுக்க மீன் குழம்பு வாசனை. எனக்கு மிகவும் தெரிந்த வாசனை. தள்ளுவண்டியில் பாத்திரங்கள் வந்தன. பின்னால் வெள்ளைப் புடவையில் மங்கை. தலை வாரி, காலில் புதுச் செருப்பு.

"நீ எங்க இங்க?"

"பர்தி ஆயிட்டேங்க."

"உனக்கு என்ன வியாதி?"

"வியாதியா? ஆஸ்பத்திரில படுத்தாலும் பர்தி, வேலைல சேந்தாலும் பர்தி. நீங்க பரீட்சை எழுதினவராச்சே, தெரியாதா? மனுப் போட்டது நான் ஒருத்திதான். பதி சம்மதம் பளிச்சுனு இருக்குன்னு டாக்டரே பாராட்டினார்."

மீரான் பாய்க்குச் சோறு, மீன் குழம்பு, இரண்டு துண்டு. எனக்கு ஒரு கிண்ணம் நீட்டினாள். கஞ்சி. உப்பு கிடையாது.

"எனக்கு மீன்?"

"உங்களுக்கு பர்ஹேஜ். பத்தியம். எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாத வலியாச்சே, லேசான ஆகாரம்தான்னு டாக்டரே எழுதிட்டார்."

"எனக்கு வலியே இல்ல மங்கை. வீட்டுக்குப் போறேன்."

"போங்க. அடுப்படியில அரிசி, பருப்பு, காப்பித்தூள் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். விறகு மட்டும் கொஞ்சம் ஈரம்."

யோசித்தேன். படுக்கையே மேல் என்று தோன்றியது. ஆனால் கஞ்சி? சட்டென்று எழுந்து சுவரைக் காட்டினேன்.

"போர்டைப் பாரு! உணவை மறுக்க எனக்கு உரிமை உண்டு."

"தாராளமா" என்று மங்கை இடுப்பிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினாள். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

கஞ்சியைக் குடித்துவிட்டேன்.