நாற்பத்தெட்டு கிலோபைட்டில் ஒரு செயலவை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அந்தக் குறையை இந்த ஆண்டு ஜொகூர் மாநிலத்தின் தெப்ராவ் வட்டாரத் தமிழ் நற்சிந்தனை மன்றம் நிவர்த்தி செய்தது. ஒரு பழைய கணினி விளையாட்டை எடுத்து, அதை 'மெருகேற்றி' உலகுக்கு வழங்கியது. அந்த மன்றத்தின் செயலாளர் லோகேஸ்வரன் நான்தான். என் பெயரை நானே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. வரலாறு கேட்கிறது, சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் 'ரெட்ரோ'தான் நாகரிகம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள் எப்போதோ தூக்கிப் போட்ட விளையாட்டுகளை வரிசையில் நின்று ஆடிவிட்டு வருகிறார்கள். பழையதற்கு இவ்வளவு மவுசு என்று தெரிந்ததும் எங்கள் செயலவை என்கிற நிர்வாகக் குழு மகிழ்ந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

இந்த நேரத்தில்தான் நாகம்மை டீச்சர் கிடைத்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 1988இல், பத்தொன்பது வயதில், தேர்வு முடிவுக்காக வீட்டில் காத்திருந்தபோது அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கணினி வாங்கி வந்திருக்கிறார். ரப்பர் விசைகள் கொண்ட சின்னப் பெட்டி. தொலைக்காட்சியில் மாட்டி, ஒலிநாடாவைச் சுழலவிட்டால்தான் வேலை செய்யும். அண்ணனுக்கு இரண்டே வாரத்தில் அலுத்துவிட்டது. தங்கை ஆறு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்து, கட்டம் போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக வரைந்து, 'எலி வேட்டை 2099' என்ற விளையாட்டை எழுதி முடித்துவிட்டார்.

விளையாட்டின் கதைப்படி, பண்டார் தெங்காரா ஊரில் பாமாயில் தரும் செம்பனைக் காடு எதிர்காலத்தில் வானம் வரை வளர்ந்திருக்கிறது. இயந்திர எலிகள் குலை குலையாகத் தின்கின்றன. ஒரு பெண் மட்டைக்கு மட்டை தாவி, ஓடிக்கொண்டே சுட வேண்டும். இருபத்து நான்கு கட்டங்கள். கண் சிமிட்டினால் செத்தோம். பின்னொரு நாள் நான் ஆடிப் பார்த்தேன். கண் சிமிட்டவே இல்லை, அப்படியும் நான்கு விநாடியில் செத்தேன்.

முதல் கூட்டத்துக்கு டீச்சர் அந்த ஒலிநாடாவை ஒரு மைலோ டின்னில் வைத்துக் கொண்டுவந்தார். தனக்கு மாலையும் வேண்டாம், சால்வையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முப்பத்தேழு வருஷமா எங்க அண்ணனத் தவிர யாரும் இத ஆடினதில்ல. ஒரே ஒரு தடவ, நாலு பேரு முன்னால பிள்ளைங்க ஆடணும். அத நான் பாக்கணும். அவ்வளவுதான் சார்."

இதைக் கேட்டு எங்களுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்த நெஞ்சோடு உடனே ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். விளையாட்டு தொடங்குமுன் திரையில் செயலவை உறுப்பினர்களின் பெயர்கள், பதவிகளோடும் பட்டங்களோடும், தூய தமிழில் தோன்ற வேண்டும்.

டீச்சர் தயங்கினார். அந்தக் கணினியின் மொத்த நினைவகமே நாற்பத்தெட்டு கிலோபைட்தானாம். விளையாட்டு போக மிச்சம் இருப்பது பதினொரு பைட். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் படமாக வரைந்து ஏற்ற வேண்டும். பெயர் உள்ளே வந்தால் விளையாட்டில் ஏதாவது வெளியே போக வேண்டும். எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நான் தினமும் அனுப்பும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ படம், அவருடைய முழு விளையாட்டைப் போல ஐந்து மடங்கு பெரியது என்றும் சொன்னார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தலைவர் கண்ணையா பெருந்தன்மையானவர். "டீச்சர், இருபத்து நாலு கட்டம் இருக்கில்ல? ரெண்டு குறைஞ்சா யாருக்குத் தெரியப் போகுது? நம்ம பேரு குறைஞ்சா எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

வெளியாட்களுக்கு இதன் கனம் புரியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாப் பதாகையில் துணைத் தலைவர் ஒருவரின் படம் மற்றவர்களுடையதைவிட ஓர் அங்குலம் சிறியதாகிவிட்டது. அடுத்த மாதமே தெப்ராவில் இரண்டு மன்றங்கள் ஆகிவிட்டன. ஜொகூரில் மன்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. இன்னொரு மன்றம் பிறந்துவிடக் கூடாது என்ற பொறுப்புணர்ச்சியோடுதான் நான் பட்டியல் தயாரித்தேன்.

தலைவரின் பட்டம் நீளமானது என்பதால் அவருக்கு மட்டும் மூன்று கட்டங்கள் போயின. துணைத் தலைவர் கத்தரின், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தம் பெயருக்கு ஒரு கட்டம் போதும் என்று அடக்கமாகச் சொன்னார். ஆனால், விளையாட்டில் வரும் அந்தப் பெண் இவ்வளவு உயரத்தில் தலைக்கவசம் இல்லாமல் ஓடுவதை அவரால் அனுமதிக்க முடியவில்லை. "எங்க பிளாண்ட்ல இப்படி ஓடினா அன்னிக்கே வேலைய நிறுத்திடுவோம் டீச்சர்" என்றார். டீச்சர் ஒரு தலைக்கவசம் வரைந்து சேர்த்தார்.

அடுத்த கூட்டத்துக்குள் இளைஞர் பிரிவு, மகளிர் பிரிவு, முன்னாள் தலைவர்கள், அவர்களில் காலமானவர்களின் குடும்பத்தினர் என்று பட்டியல் ஆரோக்கியமாக வளர்ந்தது. இருபத்து நான்கு கட்டங்கள் பதினைந்தாயின. பதினைந்து ஆறாயின. இசை போனது. மழை போனது. செம்பனைக் குலைகள் போயின. ஒவ்வொரு கூட்டத்திலும் டீச்சர் எதை நீக்கினார் என்பதை வாசிப்பார். நாங்கள் கைதட்டி ஏற்றுக்கொள்வோம். ஒன்பதாம் கட்டத்தில் எலிகளின் அரசி வருவாளாம். அவளை வரைய மட்டும் மூன்று வாரம் ஆனதாம். அவளை நீக்கியதைச் சொன்னபோது டீச்சர் பாதியில் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த நேரத்தில் நெகிழ்ச்சிக்கு இடம் தர முடியவில்லை. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது உணவு.

விளையாட்டின் வெளியீட்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது டீச்சர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம். அதிலும் பொருளாளரின் பட்டத்தைச் சேர்த்தால் எலிகளுக்கு இடமில்லை.

"எலி இல்லாம அந்தப் பொண்ணு யார சுடுவா சார்?"

சுடுவது முக்கியமல்ல, சுடும் ஆர்வம்தான் முக்கியம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். எலி இல்லாத செம்பனைக் காடு என்பது உண்மையில் ஒரு வளர்ச்சித் திட்டத்தின் வெற்றி என்றும் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவரின் பார்வை அது. பிறகு மிகப் பணிவாக ஒன்று கேட்டார்.

"பட்டியல்ல உள்ள எல்லா பேரும் கட்டாயம் வரணுமா?"

"ஒண்ணு விடாம வரணும் டீச்சர். பட்டியல்ல எப்படி இருக்கோ அப்படியே, அதே வரிசையில."

"பேரு ஒரே இடத்துல நிக்கணுமா, அசையலாமா?"

பெயர்கள் அசைவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நவீனமாக இருக்கும். 'பெயர்கள் திரையில் துடிப்புடன் உலா வரலாம்' என்று அன்றே கூட்டக் குறிப்பில் எழுதி, தலைவரின் கையொப்பமும் வாங்கிவிட்டேன். இறுதிப் பட்டியலையும் நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். தட்டச்சு செய்கிறவனுக்கு உள்ள உரிமையில் சில சிறு திருத்தங்கள் செய்தேன். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்தபடியே பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. உரைகள் முடிந்ததும் டீச்சர் மேடையில் தம் கணினியை வைத்து ஒலிநாடாவைச் சுழலவிட்டார். மண்டபத்தின் ஒலிபெருக்கிகள் வழியாகக் கீச்சென்று ஒரு நெடிய இரைச்சல் எழுந்தது. ஏதோ வாழ்த்துப் பண் என்று எண்ணி நான் எழுந்து நின்றேன். செயலாளர் நிற்பதைப் பார்த்துத் தலைவர் நின்றார். தலைவர் நிற்பதைப் பார்த்து முன்னூறு பேரும் நின்றார்கள். விளையாட்டு கணினிக்குள் ஏறி முடிய ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் மண்டபமே அசையாமல் மரியாதை செலுத்தியது.

ஆடித் தொடங்கி வைக்க வந்த சிறப்பு விருந்தினருக்கு எந்த விசையை அழுத்துவது என்று தெரியவில்லை. ஆகவே கத்தரினின் மகள் ஜோஆன், பத்து வயது, முன்வரிசையிலிருந்து அழைக்கப்பட்டாள். திரையில் தலைக்கவசம் அணிந்த அந்தப் பெண் செம்பனை மட்டையில் நின்றாள். மேலிருந்து மஞ்சள் நிறத்தில், கம்பீரமாக, நீண்ட பட்டத்தோடு தலைவரின் பெயர் இறங்கி வந்தது. பலத்த கைதட்டல். தலைவர் எழுந்து சால்வையைச் சரிசெய்தார்.

ஜோஆன் சுட்டாள்.

முதல் குண்டில் பட்டம் உதிர்ந்தது. இரண்டாவதில் 'கண்ணையா' நான்கு எழுத்தாகச் சிதறிக் கீழே கொட்டியது. மூலையில் ஐந்நூறு புள்ளி ஏறியது. பிறகு பிள்ளைகள் பக்கமிருந்து எழுந்த ஆரவாரத்தை எங்கள் மன்றம் எந்த விழாவிலும் கேட்டதில்லை.

"என்னலா இது?" என்றார் தலைவர்.

அதற்குள் முன்னாள் தலைவர்கள் மூவர் மூன்று பக்கமிருந்தும் பாய்ந்து வந்தார்கள். அந்தப் பெண் தாவினாள், சுழன்றாள், ஓடிக்கொண்டே சுட்டாள். இளைஞர் பிரிவு வரிசையாக விழுந்தது. மகளிர் பிரிவு வளைந்து வளைந்து வந்து விழுந்தது. துணைத் தலைவரின் பெயர் வந்தபோது அவர் கோபப்படுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பாதுகாப்பு அதிகாரி நாற்காலி மேல் ஏறி நின்று, "இடது பக்கம் ஜோஆன், அம்மா இடது பக்கம் வர்றேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர்கள் கூட அடுத்த முறை தமக்கு என்று வரிசை பிடித்தார்கள். எங்கள் பெயர்களை மக்கள் இவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்ததை என் இருபதாண்டுப் பொதுவாழ்வில் அன்றுதான் கண்டேன். மேடையின் ஓரத்தில் நாகம்மை டீச்சர் நின்றுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அதைப் பார்க்க எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பிறகு என் பெயர் வந்தது. ஜோஆன் சுட்டாள், நான் சிதறினேன். ஜனநாயகத்தில் இதெல்லாம் சகஜம் என்று புன்னகை செய்தேன். ஆனால் உடனே மீண்டும் என் பெயர் வந்தது. சுட்டாள். மீண்டும் வந்தது. நான்காவது முறை வந்தபோது திரையில் இருந்த பெண்ணின் கடைசி உயிரும் போய், ஆட்டம் முடிந்தது. அடுத்து ஆடிய பிள்ளையும் என்னிடம்தான் மாட்டிக்கொண்டது. அதற்கடுத்த பிள்ளையும் அப்படியே. மண்டபம் முழுக்க என் பெயரைச் சொல்லி முனகியது.

நான் மேடையேறி, கண்ணியமான குரலில் என் பெயருக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக்கவனம் என்று டீச்சரிடம் விசாரித்தேன். அவர் கைப்பையிலிருந்து நான் அனுப்பிய இறுதிப் பட்டியலை எடுத்து நீட்டினார். செயலாளர், விழா ஏற்பாட்டுக் குழுத் தலைவர், விழா மலர்த் தொகுப்பாசிரியர், வரவேற்புரை, நன்றியுரை, கணினி நுட்ப ஆலோசகர், பட்டியல் ஆக்கம் என ஏழு இடங்களில் லோகேஸ்வரன்.

"நான் ஒண்ணும் கூட்டல சார். பட்டியல்ல எப்படி இருக்கோ அப்படியேதான் போட்டிருக்கேன்" என்றார் டீச்சர்.

என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். தலைவர் பட்டியலை மேலிருந்து கீழாக, விரல் வைத்து, நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஜோஆன் ஓடி வந்து டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், இந்த அங்கிள எப்படித்தான் முடிக்கிறது?"

"மத்தவங்கள எல்லாம் விசைய அழுத்தி எடுத்துடலாம்மா" என்றார் டீச்சர். "இவர ஆண்டுக் கூட்டத்துலதான் எடுக்க முடியும்."

தலைவர் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "ஆமா, நம்ம ஆண்டுக் கூட்டம் கடைசியா எப்ப நடந்துச்சு?"

மன்றத்தின் விதிப்படி, பதவிகளுக்குத் தேர்தல் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு செயலாளருடையது. இருபதாண்டுப் பணிச்சுமையில் அந்தத் தேதி எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.